கொலுசும் கத்தியும்

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி உயரம், பதினோரு நிலை. கூட்ட நாட்களில் அந்த வாசலில் நிறுத்தப்படும் மெட்டல் டிடெக்டர் சட்டம் எட்டடிகூட இராது. ஆனால் நாள் முழுக்க ஓயாமல் குரல் கொடுப்பது அதுதான்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பாட்டி அதற்குள் நுழைகிறார் என்று வையுங்கள். காலில் வெள்ளித் தண்டை, விரலில் மெட்டி, கழுத்தில் தாலி, இடுப்பில் சுருக்குப் பை, கையில் எண்ணெய்த் தூக்கு. சட்டத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு விளக்குகள் எரிகின்றன. பெண் காவலர் கைக்கருவியை இடுப்பருகே கொண்டுபோகிறார். “பாட்டி, இடுப்புல என்ன?” “சுருக்குப் பைம்மா. உண்டியல்ல போட சில்லறை வச்சிருக்கேன்.” “சரி, போங்க போங்க.” அடுத்து வருபவருக்கும் அதே சத்தம். அவரிடம் அந்தக் கேள்விகூட இல்லை.

கருவியில் பழுது எதுவும் இல்லை. அது சொன்னது அத்தனையும் உண்மை. சிக்கல் என்னவென்றால், கோயிலுக்கு வருகிறவர்களில் உலோகம் இல்லாத உடம்பு அரிது. குழந்தைக்கு வெள்ளி அரைஞாண், பெரியவருக்குச் செம்புக் காப்பு, கிரிவலம் வந்த சாமியாரின் ருத்ராட்சத்துக்கு வெள்ளிப் பூண், கையில் சூலம். போதாததற்கு எல்லோர் பையிலும் செல்போன், சாவிக்கொத்து. ‘உலோகம் இருக்கிறதா?’ என்ற கேள்விக்குக் கருவி விடை சொல்கிறது. காவலருக்கு வேண்டியதோ ‘ஆயுதம் இருக்கிறதா?’ என்பதற்கான விடை. முதல் கேள்வியைத் தீர்த்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாவது இன்னும் தீரவில்லை.

கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஏன் தீரவில்லை என்பது விளங்கும். சட்டத்தின் தூணுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் மாறி மாறியோ விட்டு விட்டோ பாயும்போது, நடுவே உள்ள இடைவெளியில் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் தன் எல்லைக்குள் வரும் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது. தண்டை அந்தப் புலத்துக்குள் வந்ததும் வெள்ளிக்குள் சுழல் மின்னோட்டங்கள் கிளம்புகின்றன. அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை எதிர்த்து உண்டாக்குகின்றன. இன்னொரு சுருள் இந்த எதிர்ப்பைப் பிடித்து, மின்சுற்றுக்குச் சொல்கிறது. விளக்கு எரிகிறது. இதில் ஆயுதம், ஆபரணம் என்ற பேச்சே எங்கும் வரவில்லை. மின்சாரம் எவ்வளவு எளிதாக, எவ்வளவு நேரம் உள்ளே சுழன்றது என்ற ஒரே செய்திதான் வருகிறது.

துடிப்பு முறையில் இயங்கும் கருவிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தி, நிறுத்திய பிறகு வரும் பதிலைக் கேட்கிறார்கள். கோயில் மணியைத் தட்டினால் நாதம் நீண்டு அடங்குகிறது, தகர டப்பாவைத் தட்டினால் அங்கேயே நின்றுவிடுகிறது. அப்படித்தான் செம்பு, வெள்ளி போன்ற நல்ல கடத்திகளில் சுழல் மின்னோட்டம் மெல்லத் தேய்கிறது. ஈயத்திலும் எவர்சில்வரிலும் விரைவில் ஓய்ந்துவிடுகிறது. பொருளின் பருமனும் வடிவமும் இதோடு சேரும். மூடிய வளையமாக இருந்தால் மின்சாரம் தடையில்லாமல் சுற்றிவரப் பாதை கிடைக்கிறது. மெல்லிய தங்கச் சங்கிலியும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் கருவியின் காதில் ஏறத்தாழ ஒரே மாதிரி விழக்கூடும்.

இங்கேதான் வம்பு. கனமான வெள்ளித் தண்டை உரக்கப் பேசும். துருப்பிடிக்காத எஃகில் செய்த மெல்லிய கத்தி சன்னமாகத்தான் பேசும். தண்டைக்குக் கூவாதபடி உணர்திறனைக் குறைத்து வைத்தால், கத்தி அதற்கு முன்பே காணாமல் போய்விடும். கத்தியைப் பிடிக்கும்படி கூட்டி வைத்தால், ஊரில் உள்ள அத்தனை மெட்டிக்கும் கூவும். ஒரே திருகுமுனையை வலப்பக்கமோ இடப்பக்கமோ திருப்பி இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர முடியாது.

கருவி கேட்பதில் கெட்டிக்காரத்தனமும் பிரித்தறிவதில் தடுமாற்றமும் அது பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், சுருள்களையும் தொலைபேசியின் கேட்கும் குழலையும் சேர்த்து ஒரு கருவி செய்தார். உள்நாட்டுப் போரில் குண்டு பாய்ந்து, அதை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த முன்னாள் சிப்பாய்களிடம் சோதித்தபோது அது சரியாகச் சொன்னது. வெள்ளை மாளிகையில் மட்டும் எங்கே வைத்தாலும் இரைச்சல். அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகு ஸ்பிரிங் இருந்தது. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று பிடிவாதமாக நம்பிய தலைமை மருத்துவர், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

பெல்லைக் குழப்பிய அந்த மெத்தை இன்று கோயில் வாசலில் வேறு உருவத்தில் இருக்கிறது. வரிசையைக் கட்டுப்படுத்தப் போட்ட இரும்புத் தடுப்புகள், பக்கத்தில் ஓடும் மின்கேபிள், ஜெனரேட்டர், ஒன்றையொன்று ஒட்டி நிறுத்திய இன்னொரு சட்டம் ஆகிய எல்லாமே காந்தப்புலத்தைக் கலைப்பவை. கூட்டம் நெருக்கித் தள்ளி சட்டமே ஆடினாலும் கூவும். நல்ல கருவியை வாங்குவது பாதி வேலைதான். சுற்றிலும் இரும்பில்லாத இடமாகப் பார்த்து, அசையாமல் ஊன்றி, பக்கத்துச் சட்டத்தோடு துடிப்பை ஒத்திசைத்து வைப்பது மீதிப் பாதி.

பெல்லுக்குப் பிறகு கருவியை வளர்த்தது போர்க்களம். போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு, ஒரே ஆள் சுமக்கக்கூடிய கண்ணிவெடி கண்டறியும் கருவியை உருவாக்கினார். 1942-இல் எல் அலமைன் போரில் அவற்றில் 500 பயன்பட்டன. அதே உலகப் போரின் இன்னொரு முனையில் தமிழர் ஒருவர் பெயரும் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்ரமணியன் 1944-இல் இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு இருந்தார். ஒரு வெடி கிளம்பியதும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்து உயிர்விட்டார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

கண்ணிவெடி செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. கருவி உலோகத்தைத் தேடுகிறது என்று தெரிந்ததும் உலோகத்தைக் குறைத்தார்கள். இலங்கையின் வடக்கில் இதை நேரில் பார்க்கலாம். ராணுவம் புதைத்த பி4 வகை மிதிவெடியின் உடம்பு பிளாஸ்டிக். உள்ளே உலோகம் துளியூண்டு. விடுதலைப் புலிகளின் ‘ஜொனி’ மிதிவெடி மரப்பெட்டிக்குள் அடைக்கப்பட்டது. ஆனால் அதே மண்ணில் எறிகணைச் சிதறல்களும் துப்பாக்கி ரவைகளும் ஆணிகளும் கூரைத் தகரத் துண்டுகளும் இறைந்து கிடக்கின்றன. ஆபத்தான பொருள் கிசுகிசுக்கிறது, ஆபத்தில்லாத குப்பை கத்துகிறது. முகமாலை போன்ற பழைய முன்னரங்குகளில் ஒவ்வொரு ஒலிக்கும் முழந்தாளிட்டு மண்ணைக் கிளறினால் ஒரு நாளில் சில அடிகள்தான் நகர முடியும்.

அதனால் அங்கே வினோதமான ஒரு முடிவுக்கு வந்தார்கள். பல இடங்களில் மின்னணுக் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, நீண்ட கைப்பிடி போட்ட இரும்புப் பல்வாரியைக் கையில் எடுத்தார்கள். முதலில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் நின்று, எதிரே உள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் வாரி இறக்குவது முறை. மிதிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும். பக்கவாட்டில் அதன் முகம் தெரியும்போது வேலையை நிறுத்தலாம். கவச உடையும் முகக்கவசமும் அணிந்து அந்த வெயிலில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவனை இழந்தவர்களும் அதில் உண்டு. மிதிவெடிகளுக்கு எதிரான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதற்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2002 போர்நிறுத்தத்தை ஒட்டி, அகற்றும் பணி பெரிய அளவில் தொடங்கிவிட்டது.

இப்படிப்பட்ட தேவையிலிருந்துதான் அடுத்த கட்டமும் பிறந்தது. உலோகச் சுருளோடு நிலத்தை ஊடுருவும் ரேடாரையும் ஒரே கைப்பிடியில் சேர்த்த இரட்டை உணரிக் கருவிகள் வந்தன. சுருள் ‘உலோகம் உண்டு’ என்கிறது. ரேடார் ‘இந்த அளவில், இந்த ஆழத்தில் ஒரு பொருள் உண்டு’ என்கிறது. இரண்டும் சேர்ந்து தலையசைத்தால்தான் தோண்டுவார்கள். ஒற்றை ஆணிக்காக அரை மணி நேரம் செலவழிக்கும் கொடுமை குறைகிறது.

மண்ணுக்குள் தேடுவதில் இன்னொரு தடை மண்ணேதான். திருவண்ணாமலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கவுத்திமலையும் வேடியப்பன்மலையும் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாதுக்குப் பேர்போனவை. அதை வெட்டியெடுக்கும் திட்டத்தை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடினார்கள். இப்படிப்பட்ட தாது கலந்த மண்ணில் கருவியைத் தாழ்த்திப் பிடித்தால், எதுவும் புதைந்திராத இடத்திலும் அது பதில் சொல்லும். நல்ல கருவிகள் முதலில் வெறும் மண்ணின் பதிலைப் படித்துக்கொண்டு, பிறகு வரும் ஒவ்வொரு பதிலிலிருந்தும் அதைக் கழித்துவிடுகின்றன. இங்கேயும் கருவியின் மதிப்பைத் தீர்மானிப்பது எதைத் தள்ளுகிறது என்பதுதான்.

ஆழம் என்று வந்தால் இயற்பியல் இன்னும் கறாரானது. சின்னப் பொருள் ஒன்றிலிருந்து வரும் பதில், தூரத்தின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. ஆழம் இரட்டித்தால் பதில் 64-இல் ஒரு பங்கு. ஓரடியில் தெளிவாகக் கேட்கும் ஒரு காசு இரண்டடியில் கிட்டத்தட்ட ஊமை. ‘நூறடி ஆழத்தில் புதைந்த தங்கத்தையும் காட்டும்’ என்று விற்கப்படும் கருவிகளைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் விற்கிறது. வெறும் பிளாஸ்டிக் பிடியில் ஒரு ஆன்டெனாவைச் செருகி, வெடிபொருளைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசுக்கே ஆயிரக்கணக்கில் விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. பாக்தாத் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்றவர்களின் கதி வேறு. தமிழ்நாட்டில் இதற்கு உள்ளூர் வடிவம் ‘ரைஸ் புல்லிங்’. கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் பல மாவட்டங்களில் பிடிபட்டிருக்கின்றன. இரிடியம் அரிசியை இழுக்காது. கலசத்துக்குள் வழக்கமாக இடுவது வரகு. அந்தப் பொய்யை நம்பிக் கோபுரக் கலசங்களைத் திருடியவர்களும் உண்டு. 2014-இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படம் இந்த மோசடியையும் திரையில் காட்டியது.

உண்மையான புதையல்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும்தான் கிடைத்திருக்கின்றன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு வேலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலையின் கோவிலூர் சிவன் கோயிலில் 2025 நவம்பரில் நடந்த திருப்பணியில் ஒரு மண்கலயத்துக்குள் 103 பொற்காசுகள் கிடைத்தன. செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் முன்பு கிடைத்தவை சங்ககாலத்து ஈயக் காசுகள். ஈயம் செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக மோசமான கடத்தி. ஒற்றை ஈயக் காசாக இருந்தால் கருவி அதைத் தாண்டிப் போயிருக்கக்கூடும்.

இதற்காக ஆளாளுக்குக் கருவி வாங்கி வயலில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோடு, எந்தச் சுவரை ஒட்டி இருந்தது என்பதிலிருந்துதான் வரலாறு கிடைக்கிறது. கருவி கூவிய இடத்தில் பறித்து எடுத்த காசு எடைக்குத்தான் தேறும். கீழடியில் தோண்டுவதற்கு முன் காந்தப்புல அளவீடும் ரேடாரும் பயன்பட்டதற்கும், புதையல் வேட்டைக்காரரின் கைக்கருவிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

மறுபடியும் வாசலுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு 1991 ஸ்ரீபெரும்புதூர், 1998 கோவை குண்டுவெடிப்புகள் கொடுத்த பாடங்களுக்குப் பிறகு இந்த டிடெக்டர் சட்டங்களை எடுத்துவிடுங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. வெடிமருந்து உலோகமில்லைதான், ஆனால் டெட்டனேட்டர், பேட்டரி, கம்பி, காயப்படுத்துவதற்காக அடைக்கும் எஃகுக் குண்டுகள் எல்லாம் உலோகம். கேள்வி, கூட்டத்தின் வேகத்தில் அதை எப்படிப் பிரித்தறிவது என்பது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் சட்டத்தைக் கடக்க மூன்று விநாடி என்றால், ஒரு வாசல் மணிக்கு 1,200 பேரை உள்ளே விடும். எல்லோருக்கும் கூவுகிறது, ஒவ்வொருவரையும் பதினைந்து விநாடி தடவிப் பார்க்கிறோம் என்றால் 240 பேர்தான். கார்த்திகை தீபத்தன்று விடியற்காலை நாலு மணிக்குப் பரணி தீபம், மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகாதீபம். லட்சக்கணக்கானவர்கள் வரும் ஊரில் இந்த வேகத்தில் வரிசையை நிறுத்தினால், ஆயுதத்தைவிடப் பெரிய ஆபத்து வாசலிலேயே உருவாகும். அதனால் நடைமுறையில் காவலர்கள் ஒலியைக் காதில் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளெல்லாம் கூவும் ஒன்றுக்குப் பழகிப்போவது மனித இயல்பு.

இதற்கு மாற்று தேடும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. இன்றைய சட்டங்கள் உடம்பை மேலிருந்து கீழ், வலம் இடம் என்று பல மண்டலங்களாகப் பிரிக்கின்றன. சில வகைகளில் 33 மண்டலம். கணுக்காலில் கூவினால் தண்டை என்று ஊகிக்கலாம், இடுப்பில் கூவினால் கொஞ்சம் கவனிக்கலாம். ஒரே அலைவெண்ணுக்குப் பதில் பல அலைவெண்களில் கேட்பது அடுத்த படி. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு பொருள் மூன்று அச்சுகளிலும் பல அலைவெண்களிலும் எப்படிப் பதில் சொல்கிறது என்பதை எண்களாகப் பதிந்து, அதிலிருந்து சாவியா கத்தியா என்று வகைப்படுத்தும் வழியில் உழைத்திருக்கிறார்கள். வளையம், தகடு, குழாய் என்று வடிவத்துக்கு வடிவம் அந்த எண்கள் மாறும். மூடிய வளையமான தண்டையையும் நீண்ட தகடான கத்தியையும் ஒலியின் பலத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வடிவத்தை வைத்துப் பிரிக்க வாய்ப்பிருக்கிறது.

வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஆயுதத்தை மட்டும் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட எவால்வ் நிறுவனத்தின் கருவிகளை 2024-இல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 2,749 பேரைச் சோதித்ததில் 118 வீண் எச்சரிக்கை, 12 கத்தி, துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், கருவியின் திறனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அந்த நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. நூறு பேருக்கு நாலு வீண் எச்சரிக்கை என்பது, எல்லோருக்கும் கூவும் சட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த நாலு, நியூயார்க்கில் பயணம் செய்பவரின் உடம்பையும் பையையும் வைத்து வந்த எண். மெட்டியும் அரைஞாணும் தூக்கும் அந்த எண்ணுக்குள் இல்லை.

அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட தரநிலையில், நடந்து கடக்கும் சட்டங்களைச் சோதிப்பதற்கு ஆயுதங்களின் மாதிரிகளோடு தீங்கில்லாத பொருள்களின் பட்டியலும் உண்டு: பெல்ட் கொக்கி, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடிச் சட்டம், சாவிக்கொத்து போன்றவை. இவற்றுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதும் கருவியின் தரத்தில் சேரும். திருவண்ணாமலைக்கோ திருச்செந்தூருக்கோ வாங்கும் சட்டத்துக்கு அந்தப் பட்டியல் போதாது. வெள்ளித் தண்டை, மெட்டி, தாலிக்கொடி, செம்புக் காப்பு, அரைஞாண், சில்லறை நிறைந்த சுருக்குப் பை, எவர்சில்வர் தூக்கு ஆகியவற்றை அணிவித்து நூறு பேரை நடக்கவிட்டு, எத்தனை முறை வீணாகக் கூவியது என்று எழுதிக் கேட்கலாம். பிறகு அதே நூறு பேரில் ஒருவர் இடுப்பில் மெல்லிய எவர்சில்வர் கத்தியைச் செருகி, அது தப்புகிறதா என்று பார்க்கலாம். தீபத் திருவிழாவின் பத்து நாளும் ஒவ்வொரு சட்டமும் எத்தனை முறை கூவியது, அதில் எத்தனை பேரை நிறுத்திப் பார்த்தார்கள், என்ன கிடைத்தது என்ற கணக்கையும் வைத்துக்கொண்டால், அருணாசலேஸ்வரர் கோயிலின் அம்மணி அம்மன் கோபுர வாசலுக்கு இன்னொரு சட்டம் வேண்டுமா, அல்லது இருக்கிற சட்டத்தோடு இன்னும் நாலு பெண் காவலர் வேண்டுமா என்பதை அடுத்த தீபத்துக்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.